ரெய்டு போட்டாச்சாம், கவலையே இல்லையாம்!

மக்களே, தலைப்பைப் பார்த்துட்டு வருமான வரித்துறை சமாச்சாரம்னு ஓடி வந்திருந்தா மன்னிக்கணும். இது பொட்டி தட்டுற மேட்டர். ஆனா பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும் இல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ, வாசகசாலைக்கோ நாலு பேர் காசு சேர்த்து சர்வர் வாங்கிக் கொடுத்திருக்கீங்களா? வீட்டு ஃபோட்டோவெல்லாம் ரெண்டு டிஸ்க் மாட்டின பொட்டியில போட்டு வெச்சிருக்கீங்களா? அப்ப உங்களுக்கும்தான். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் சண்டைக்கு நிக்கறது ஒரே ஒரு வாக்கியத்தோட: "மிரரிங் போட்டாச்சு சார், இனி பேக்கப் எல்லாம் வேண்டாம்." விக்கறவர் சொல்றார், வாங்கறவர் தலையாட்டறார், காசு கொடுத்த நாமளும் இங்க உக்காந்து தலையாட்டறோம். சுத்தப் பொய்ங்க அது.

மிரரிங்னா என்ன? ஒரு டிஸ்க்ல எழுதறதை அதே நேரத்துல பக்கத்து டிஸ்க்லயும் எழுதறது. ஒண்ணு செத்தா இன்னொண்ணு வேலையைத் தொடரும். 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் ரெய்டு பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல முதல் நிலைன்னு அவங்க வெச்சது இதைத்தான். லினக்ஸ்ல எம்டிஆடம், ஃப்ரீபிஎஸ்டில ஜிமிரர், பழைய சோலாரிஸ்ல டிஸ்க்சூட், அப்புறம் ஸெட்எஃப்எஸ்னு ஆளுக்கொரு கருவி இருக்கு. வேலை ஒண்ணுதான்: டிஸ்க் செத்தாலும் சர்வர் நிக்கக்கூடாது. அவ்வளவுதான் அதோட வாக்குறுதி. உங்க ஃபைலைக் காப்பாத்தறேன்னு அது எங்கயும் சத்தியம் பண்ணலை.

பேர்லயே இருக்கே, கண்ணாடின்னு! கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை வழிச்சா, உள்ள இருக்கறவன் மட்டும் மீசையோட நிப்பானா? நீங்க தப்பா ஒரு ஃபோல்டரை அழிச்சா, ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடியில அழியும். வைரஸ் வந்து பூட்டுப் போட்டா ரெண்டுலயும் பூட்டு. அழிக்கறதையும் அவ்வளவு விசுவாசமா நகல் எடுக்கற ஒண்ணை எப்படிங்க பேக்கப்னு கூப்பிடறது?

நம்ம மாதிரி பதிவு எழுதறவங்களுக்கு மறக்கக்கூடாத கதை ஒண்ணு இருக்கு. ஜர்னல்ஸ்பேஸ்னு ஒரு வலைப்பதிவுத் தளம், பல வருஷம் நல்லா ஓடிச்சு. ரெண்டு பெரிய டிஸ்க், மிரர், அதுதான் பேக்கப்னு இருந்தாங்க. 2008 டிசம்பர்ல டேட்டாபேஸ் மேல யாரோ, இல்ல எதுவோ, வேற எதையோ எழுதிருச்சு. டிஸ்க் ரெண்டும் நல்ல ஆரோக்கியமா இருந்துச்சு, உள்ளதான் ஒண்ணும் இல்ல. 2009 ஜனவரியில கடையைச் சாத்திட்டாங்க. எழுதினவங்களோட வருஷக்கணக்கான எழுத்து கோவிந்தா.

மிரர் எதுக்குன்னு ஊர்ப் பக்கத்து உதாரணத்துல சொல்றேன். விடிகாலையில போடியிலருந்தும் கம்பத்துலருந்தும் இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு மலையேறுதே ஜீப்பு, அதுல பின்னாடி தொங்கற ஸ்டெப்னி மாதிரி மிரர். டயர் பஞ்சரானா மாட்டிக்கிட்டு போயிட்டே இருக்கலாம். ஸ்டெப்னி இல்லாம மலையேறக்கூடாது, ஒத்துக்கறேன். ஆனா ஜீப்பே பள்ளத்துல உருண்டா ஸ்டெப்னியும் சேர்ந்துதான் உருளும்.

இப்ப ஏன் கோபம்னு சொல்றேன். 1956 நவம்பர் 1-ல மாநில எல்லைக்கோடு போட்டப்போ அந்தப் பக்கம் நின்னுட்ட தமிழ் எங்க தமிழ். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர். இடுக்கிப் பக்கம் மூணாறு, மறையூர், பீர்மேடு. சென்னையில கேட்டா அது கேரளாங்க. திருவனந்தபுரத்துல கேட்டா அது மொழிச் சிறுபான்மைங்க. நடுவுல கிடக்கற எங்க ஊர்ச் சமாச்சாரத்துக்கு மூணாவது இடத்துல ஒரு நகல் தானா முளைச்சு வராது. நாமளா எடுத்து வெச்சாத்தான் உண்டு.

எல்லையோரத்துல ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். வெளிநாட்டுல இருக்கற பழைய மாணவர்கள் காசு போட்டு சர்வர் கொடுத்தாங்க. டெபியன் லினக்ஸ், ரெண்டு டிஸ்க் மிரர். வாசல்ல கல்வெட்டு, கையில சால்வை, ஃபோட்டோ எல்லாம் ஆச்சு. ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர், ஊர்ப் பெரியவங்ககிட்ட உக்காந்து பேசிப் பதிஞ்ச ஒலிநாடாக்களை எல்லாம் அதுல ஏத்தினார். ஏத்தி முடிச்சதும், பூஞ்சை பிடிச்ச நாடாக்களைப் பள்ளிக்கூடத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. "அதான் சர்வர்ல ரெண்டு காப்பி இருக்கே!"

அப்புறம் ஒரு நாள் சர்வர் எழுந்திரிக்கலை. லீவுல போயிருந்த என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு டிஸ்க் செத்து ஏழு மாசம் ஆகியிருக்கு. அது வரைக்கும் ஒத்தை டிஸ்க்லயே ஓடி, இப்ப அதுவும் போச்சு. அதுல சுரண்டி எடுக்க முடிஞ்சதுல ரூட் பயனரோட தபால்பெட்டி கிடைச்சுது. திறந்து பார்த்தா வயிறு எரியுதுங்க. டெபியன்ல மிரர் உடைஞ்சா தினமும் ஒரு மடல் அனுப்பும். இருநூத்துக்கும் மேல மடல்! "ஒரு டிஸ்க் இல்லை, ஒரு டிஸ்க் இல்லை"ன்னு மெஷின் தினமும் கத்தியிருக்கு. அந்த மடல் எந்த மனுஷன் கைக்கும் போற மாதிரி யாரும் செட் பண்ணவே இல்ல. ஒலிப்பதிவுல கால்வாசிகூடத் தேறலை. பேசின பெரியவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல. அவங்க பேச்சை எங்க போய்த் திரும்ப டவுன்லோட் பண்றது?

இதுல டிஸ்க் மேல குத்தம் இல்ல. டிஸ்க்னா சாகும். குத்தம் நம்ம புத்தி மேல. வாங்கிக் கொடுக்கறதைத் தர்மம்னு நினைக்கறோம், பராமரிக்கறதைச் செலவுன்னு நினைக்கறோம். கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்துட்டு எண்ணெய்க்கு வழி பண்ணாம வர்ற கதை.

சரி, பராமரிப்புன்னா என்ன? பெரிய வித்தையெல்லாம் இல்ல.

ஒண்ணு. ரெண்டு டிஸ்கும் ஒரே நாள்ல ஒரே பெட்டியில வந்த இரட்டைப் பிள்ளைங்களா இருக்க வேண்டாம். ஒரே தயாரிப்புத் தொகுதின்னா ஒரே குறை ரெண்டுலயும் இருக்கும், அடுத்தடுத்து போகும்.

ரெண்டு. பூட்லோடரை ரெண்டு டிஸ்க்லயும் போடுங்க. நிறைய பேர் முதல் டிஸ்க்ல மட்டும் போட்டுட்டு வந்துடறாங்க. முதல் டிஸ்க் செத்தா ஓடிட்டு இருக்கற வரைக்கும் ஓடும். அடுத்த கரண்ட் கட்டுக்கு அப்புறம் எழுந்திரிக்காது. மலையில கரண்ட் கட்டுக்கு நாள் கிழமையா பார்க்கணும்? யுபிஎஸ் முக்கியம்.

மூணு. எச்சரிக்கை மடல் நிஜமான மனுஷங்க ரெண்டு பேருக்குப் போகணும். ஒருத்தர் ஊர்ல, ஒருத்தர் இங்க. சும்மா ஒரு சோதனை மடல் அனுப்பி, வந்துச்சான்னு ஃபோன் போட்டுக் கேளுங்க.

நாலு. வாரம் ஒரு தடவை எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு யூ எழுத்து இருந்தா நலம். ஒரு யூ போய் அங்க அடிக்கோடு நின்னா ஒரு டிஸ்க் காலி. இதைப் படிக்க இஞ்சினியர் வேண்டாம்.

அஞ்சு. மாசம் ஒரு தடவை ரெண்டு டிஸ்கையும் முழுசா படிச்சுப் பார்க்கற சோதனை ஓடணும். டெபியன்ல இது தானா ஓடும், யாராவது நிறுத்தாம இருந்தா சரி. ஏன் வேணும்னா, யாரும் தொடாத மூலையில கெட்டுப்போன இடம் இருந்தா அது வெளிய தெரியாது. செத்த டிஸ்கை மாத்தி, மிச்ச டிஸ்கை முழுசா படிச்சு நகல் எடுக்கற அன்னிக்குத்தான் பல்லைக் காட்டும்.

ஆறு. புதுசா மாட்டின அன்னிக்கே, உள்ள ஒண்ணும் முக்கியமா இல்லாதப்பவே, ஒரு டிஸ்கைக் கழட்டிப் பாருங்க. எழுந்திரிக்குதா? திரும்ப மாட்டினா சேர்ந்துக்குதா? இதைச் செய்யாம "மிரர் இருக்கு"ன்னு சொல்ற உரிமை யாருக்கும் இல்ல.

இத்தனையும் பண்ணினாலும் அது ஸ்டெப்னிதான். பேக்கப் தனி, அது வேற ஊர்ல இருக்கணும். எங்க மலை அப்படிப்பட்ட மலை. 1924 வெள்ளத்துல மூணாறோட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலே அடிச்சிட்டுப் போச்சு, திரும்ப வரவே இல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல காகிதம் தொலைச்சவங்களுக்குக் கேரள அரசு அதாலத் நடத்தி நகல் கொடுத்துச்சு. கொடுக்க முடிஞ்சது ஏன்? வேற எங்கயோ ஒரு பதிவு இருந்துச்சு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில லயங்கள் மேல மண் சரிஞ்சு எழுபது பேர் போனாங்க, பெரும்பாலும் நம்ம தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த இழப்புக்கு முன்னாடி டிஸ்க் எல்லாம் ஒரு பொருட்டே இல்ல. ஆனா அந்த மாதிரி மண்ணுல நின்னுக்கிட்டு, ரெண்டு டிஸ்கையும் ஒரே டப்பாவுல வெச்சுட்டு "பத்திரமா இருக்கு"ன்னு சொல்றதுக்கு மனசு எப்படி வருது?

"கிளவுட்ல இருக்கேப்பா" அப்படிம்பாங்க அடுத்து. ஃபோன்ல அழிச்சா அங்கயும் அழியற மாதிரி ஒத்திசைவு போட்டிருந்தா அதுவும் கண்ணாடிதான். கூகுள் ஃபோட்டோஸ்ல ஏறின படத்தை அழிச்சா குப்பைத்தொட்டியில 60 நாள் இருக்கும். 61-வது நாள் பேரன் பேர் வைக்கற விழா ஃபோட்டோ எங்கேன்னு தேடினா? பெரிய எடத்துலயும் இதே கூத்துதான். தென்கொரிய அரசோட டேட்டா சென்டர்ல 2025 செப்டம்பர்ல தீப்பிடிச்சு, அரசு ஊழியர்களோட 858 டெராபைட் கோப்பு போச்சு. வெளிய நகல் வைக்கலை. அளவு பெருசுன்னு சாக்கு சொன்னாங்க.

"அரசாங்கம் பார்த்துக்கும்"னு இன்னொரு கோஷ்டி. கேரள அரசு செஞ்சதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு தொடங்கி, 2017-ல கைட் நிறுவனமாச்சு. அரசுப் பள்ளிகள்ல கட்டற்ற மென்பொருள், ஐசிடி பாடப்புத்தகம் தமிழ்லயும் வருது. ஆனா பாடப்புத்தகம் அழிஞ்சா திரும்ப இறக்கிக்கலாம். அந்த வாத்தியாரோட நாடா? அது நம்ம பொறுப்பு.

அரசு செஞ்சதுல நமக்கு உதவற விஷயமும் ஒண்ணு இருக்கு. 2018-லருந்து உயர்நிலைப் பள்ளிகள்ல லிட்டில் கைட்ஸ்னு மாணவர் குழு இருக்கு. லினக்ஸ்ல விளையாடற பசங்க. அந்த ரெண்டு யூ எழுத்தைப் பார்க்கற வேலையை ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுகிட்ட கொடுங்க. நம்ம எல்லாரையும் விட ஒழுங்கா பார்ப்பா.

அதனால இனிமே ஊருக்குச் சர்வர் கொடுக்கணும்னு வசூலுக்கு வந்தீங்கன்னா, நான் மூணு கேள்வி கேட்பேன். எச்சரிக்கை மடல் யாருக்குப் போகும்? மூணாவது நகல் எந்த ஊர்ல இருக்கும்? கடைசியா அந்த நகல்லருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்த்தது என்னிக்கு? கொழிஞ்சாம்பாறைக்காரங்க கோயமுத்தூர்ல வைக்கலாம், மூணாறுக்காரங்க தேனியில வைக்கலாம். மாசம் ஒரு தடவை பூட்டுப் போட்ட போர்ட்டபிள் டிஸ்க் பஸ்ஸுல போயிட்டு வந்தா போதும். பொங்கலுக்கு ஒரு தடவை, ஓணத்துக்கு ஒரு தடவை அதுலருந்து எடுத்துக் கேட்டுப் பாருங்க. மூணு கேள்விக்கும் பதில் இருந்தா என் பங்கு உண்டு. இல்லைன்னா கல்வெட்டுல என் பேர் வேண்டாம் சாமி.

டிஸ்கி (டிஸ்க் பதிவுல டிஸ்கி இல்லாமலா? :-)): மிரரிங்கே வேண்டாம்னு நான் சொன்னதா யாரும் கிளப்பி விடாதீங்க. ஸ்டெப்னி கட்டாயம் வேணும். காத்து இருக்கான்னும் பாருங்க.