சிசுவின் முகமும் சர்க்காரின் கடமையும்

கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்துவிட்டால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே இன்னும் மறையவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் பழியெல்லாம் தாயின் தலையில் விழுகிறது. "அன்றைக்கு ஏன் வெளியே போனாய்?" என்று கேட்கிறார்கள். ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்ணுக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

விஞ்ஞானம் கூறுவது என்ன? கருவின் முகம், கருவுற்ற நான்காவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் உருவாகிறது. தனித்தனியாக வளரும் பகுதிகள் நடுவில் வந்து ஒட்டி உதடாகவும் அண்ணமாகவும் ஆகின்றன. அவை ஒட்டாமல் போவதற்குப் பரம்பரை, போலிக் அமிலப் பற்றாக்குறை, புகையிலை, சில மருந்துகள் எனப் பல காரணங்கள் உண்டு. கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

முகத்தைக் கெடுக்கும் கிருமிகளோ உண்டு. தாய்க்குள்ள மேகநோய் சிசுவைத் தொற்றினால் மூக்கெலும்பு சிதைந்து மூக்கு அமுங்கிப்போகும்; பற்களும் கோணலாகும். ஜிகா கிருமி தலையைச் சிறுக்கவைக்கும். ருபெல்லா கண்ணைச் சிறுக்கவைத்துப் புரையை உண்டாக்கும். காதையும் இருதயத்தையும் பாழாக்கும். தாய்க்கு அது வெறும் மூன்று நாள் காய்ச்சலும் லேசான தடிப்பும்தான். அம்மை என்று வேப்பிலை செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது வந்தால் சிசுவுக்கும் தொற்ற 90 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆஸ்திரேலியாவின் கண் டாக்டர் நார்மன் கிரெக் 1941-லேயே இதைக் கண்டறிந்தார். தடுப்பூசி 1969-ல் வந்தது. 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு, நம் குழந்தைகளின் கண்புரைக்கு ருபெல்லா ஒரு முக்கிய காரணம் என்று காட்டியது. ஆனால் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான்! அப்போதும் வதந்திகள் பரவி, காலக்கெடுவை நீட்டிக்க நேர்ந்தது.

அந்த இயக்கம் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே. 2002-க்கு முன் பிறந்த பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். சிறுவயதில் நோய் கண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். மற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு?

கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள் என்கிறது சர்க்கார். செய்யத்தான் வேண்டும், மேகநோயை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துப் பென்சிலினால் குணப்படுத்தலாம். ஆனால் அதற்குள் சிசுவின் முகம் உருவாகி முடிந்துவிடுகிறது. ருபெல்லா ஊசியைக் கர்ப்ப காலத்தில் போடவும் கூடாது. ஆகவே பாதுகாப்பு கர்ப்பத்துக்கு முன்பே வந்து சேரவேண்டும்.

நாம் கோருவது இதுதான். முதலாவதாக, ஆலைகளிலும் ஆலை விடுதிகளிலும் உள்ள பெண்களுக்கு ருபெல்லா ரத்தப் பரிசோதனை நடத்தி, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஊசி போடவேண்டும். ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் விளக்கவேண்டும். இரண்டாவதாக, கல்யாணமான பெண்களுக்குக் கரு உண்டாகும் முன்பே போலிக் அமில மாத்திரை கிடைக்கவேண்டும். மூன்றாவதாக, காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும்; நெருக்கமான விடுதி அறையில் இருமலும் தும்மலும் போதும், இந்நோய் பரவ.

இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். பணம் கட்டியவர்கள் கேட்கிறார்கள், இது பிச்சையல்ல.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தயாராகும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஊராரின் புண்ணுக்குத் துணி தரும் அந்தக் கைகளுக்கு ஒரு தடுப்பூசி வந்து சேராதா? தாய்மார்களைக் குற்றம் சாட்டியது போதும். ஊசியைக் கொடுங்கள்!