ஓப்பன் காருக்கு டாப் கொக்கி எங்கே? புதுப்பேட்டையே கையை விரிக்கும் பழைய சாமான்!

சென்னை:

"அப்பா, அம்மாவைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும்" என்று புதுப்பேட்டையைப் பற்றி சொல்வது வழக்கம். அம்பாசிடர் கதவா, பியட் கியர் பாக்சா... கையில் காசு இருந்தால் சாயங்காலத்துக்குள் வண்டியில் மாட்டிவிடலாம்.

ஆனால் அந்தப் புதுப்பேட்டையிலேயே "அது வராது சார்" என்று சொல்லி அனுப்பும் சாமான் ஒன்று உண்டு. பழைய ஓப்பன் காரின் மடக்கு டாப்பைத் தாங்கும் இரும்புச் சட்டமும், அதன் கீல், கொக்கிகளும்தான் அது.

"பணக்காரன் காருக்கு டாப் இருந்தா என்ன, இல்லாட்டி நமக்கென்ன?" என்று கேட்கலாம். விஷயம் அங்கே முடியவில்லை. அந்தக் கொக்கியை செய்யப் போவது லேத் பட்டறைக்காரர். சட்டத்தை நிமிர்த்தப் போவது டிங்கர். துணி தைக்கப் போவது குஷன் கடைக்காரர். அவர்கள் கூலியும், கைத்தொழிலும் இதில் அடங்கி இருக்கிறது.

ரிக்‌ஷா டாப் மாதிரிதான்... ஆனால்!

சைக்கிள் ரிக்‌ஷாவின் டாப்பை மடக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை சுலபமாகப் புரியும். வளைந்த கம்பிகள் இரண்டு மூன்று. அவை ஓரத்தில் கீலில் ஆடும். மேலே துணி. இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும்.

காரில் கூடுதலாக ஒன்று உண்டு. டாப்பின் முன்பக்கக் கட்டை, முன் கண்ணாடிச் சட்டத்தின் மீது சரியாக உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்க வேண்டும். இதில் ஒரு கீல் தேய்ந்தாலும் டாப் கோணலாகிவிடும்.

கோணலானால் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். கால் வைக்கும் தகடு துருப்பிடிக்கும். அடுத்தது சேஸ். உள்ளங்கை அளவு கொக்கி இல்லாமல் போனதற்கு முழு காரும் விலை கொடுக்கும்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

இதற்கு நல்ல உதாரணம் ஹெரால்டு கார். பிரிட்டனில் 1959-ல் "டிரையம்ப் ஹெரால்டு" என்ற பெயரில் வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் நம்ம சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்திலேயே தயாரானது. அதனால் இதன் என்ஜின் வேலை தெரிந்த கைகள் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கே இருந்தன.

பிரிட்டனில் 1960 முதல் 1971 வரை இதில் ஓப்பன் மாடலும் விற்றது. சென்னை ரோட்டில் ஓடியதோ பெரும்பாலும் கூரை மூடிய கார்கள்தான்.

சிக்கல் இங்கேதான். காயலான் கடைக்கு எந்த வண்டி அதிகம் வருகிறதோ, அதன் சாமான்தான் அதிகம் கிடைக்கும். அம்பாசிடர் 2014 வரை தயாரானது, இன்றைக்கும் அதற்குப் பஞ்சம் இல்லை. ஓப்பன் கார் வந்ததே கொஞ்சம். வந்ததிலும் துருப்பிடித்த டாப் சட்டத்தை யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை. மொத்த இரும்போடு எடைக்குப் போய்விடும்.

வழி ஒன்று: வெளிநாட்டில் வாங்குவது

பிரிட்டனில் பழைய கார் பிரியர் சங்கங்களும், பழைய மாடல்களுக்கு மட்டுமே சாமான் விற்கும் கடைகளும் உண்டு. டாப் துணி புதிதாகவே கிடைக்கும். சட்டமும் கீலும் பெரும்பாலும் பழைய வண்டியில் இருந்து கழற்றியதாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம். முன் கண்ணாடிக்குப் பின்னால் ஹெரால்டும், "டிரையம்ப் வைட்டெஸ்" காரும் ஒரே பாடிதான். ஹெரால்டு சட்டம் கிடைக்காதவர்கள் வைட்டெஸ் சட்டத்தைத் தேடலாம். ஆனால் அதே கம்பெனியின் "ஸ்பிட்பயர்" டாப் பொருந்தாது. சென்னையில் பின்னாளில் வந்த 4 கதவு ஹெரால்டுக்கும் பிரிட்டன் ஓப்பன் டாப் சேராது. அது 2 கதவு காருக்காகச் செய்தது.

செலவும் சாதாரணமில்லை. சாமான் விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்க வரி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்த கார் உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது ஓரளவு ஆறுதல். இத்தனையும் கட்டி, இடதுக்குப் பதில் வலது வந்து இறங்கினால் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வழி இரண்டு: உள்ளூரில் செய்வது

கீலின் பின், புஷ், கொக்கி எல்லாம் லேத்திலும் வெல்டிங் பட்டறையிலும் செய்யக்கூடியவைதான். கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. மாதிரி மட்டும் வேண்டும்.

உடைந்த பழைய துண்டு ஒன்று இருந்தாலும் போதும். அட்டையில் வரைந்து, தகட்டில் வெட்டி, ஓட்டை போட்டுவிடலாம். ஒரு பக்கக் கீல் மட்டும் இருந்தால் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கு அளவு எடுக்க வேண்டும். இதை மறந்து இரண்டையும் ஒரே மாதிரி செய்துவிட்டால் வேலை வீண்.

சட்டத்தைக் காரில் மாட்டி, பத்து தடவை மடக்கி விரித்துப் பார்த்த பிறகுதான் துணி தைக்கக் கொடுக்க வேண்டும். துணியை முதலில் தைத்துவிட்டு சட்டத்தை வளைப்பது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

வழி மூன்று: வேண்டவே வேண்டாம்!

"கூரையை வெட்டிட்டா ஓப்பன் கார் ஆயிடுமே" என்று சிலர் நினைப்பது உண்டு. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு மாட்டியது என்பதால் அந்த ஆசை இன்னும் அதிகம் வரும். இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

2021 ஜூலையில் வந்த "விண்டேஜ்" வாகன விதிகள் இன்னும் கறார். முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய கார், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். நம்பரில் "வி.ஏ." எழுத்து வரும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறங்கலாம்.

ஆக, வெட்டி எடுத்த கூரை விண்டேஜ் அந்தஸ்தையே பறித்துவிடும். அசல் கீலைத் தேடி அலைவது வெறும் பொழுதுபோக்கு அல்ல, காரின் மதிப்பைக் காப்பாற்றும் வேலை.

யாருக்கு நஷ்டம்?

மறுபக்கம் இன்னொரு நெருக்கடி. 20 ஆண்டு தாண்டிய சாதாரண காரின் பதிவைப் புதுப்பிக்க, 2025 ஆகஸ்டில் கட்டணம் ரூ.10 ஆயிரமாக உயர்ந்தது. அதற்கு முன் ரூ.5 ஆயிரம். வசதி இல்லாதவர் "எதுக்கு வம்பு" என்று வண்டியை எடைக்குப் போட்டுவிடுவார். வண்டியோடு மாதிரியும் போய்விடும்.

மாதிரி போனால் வேலை போகும். ஐ.டி.ஐ.யில் டர்னர், பிட்டர் பாடம் உண்டு. ஆனால் ஓப்பன் கார் டாப்பை கண்ணால் பார்த்து நேராக்கும் பக்குவம் குருவின் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். பழக வண்டி இல்லையென்றால் பையன் எங்கே கத்துக்குவான்?

செலவில்லாத யோசனை ஒன்று இருக்கிறது. பழைய ஓப்பன் கார் உடைக்க வந்தால், டாப் சட்டத்தை மட்டும் கழற்றி, எந்த மாடல், இடதா வலதா என்று சீட்டு எழுதிக் கட்டி ஓரமாக வைக்கலாம். துருப்பிடித்து இருந்தாலும் சரி, உடைந்து இருந்தாலும் சரி.

எடைக்குப் போட்டால் அது நாலு கிலோ இரும்பு. எடுத்து வைத்தால் நாலு பட்டறைக்கு வேலை!