‘விற்றுத் தீர்ந்தது’ – யாருக்கு?

“இசை நிகழ்ச்சிக்குச் சீட்டுக் கிடைக்காதவனுடைய துயரமும் ஒரு துயரமா?” என்று சென்ற மாதம் சிதம்பரத்தில் நடந்த இலக்கியச் சந்திப்பில் நண்பரொருவர் கேட்டார். நவீன கவிதையில் தொடங்கிய பேச்சு எப்படியோ அங்கு வந்து சேர்ந்திருந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சொல்ல முடியாமற்போன மறுமொழியை இங்கே எழுதிவிடுகிறோம். நண்பர் பொறுத்தருள்க, பொறுக்க இயலாவிடில் மறுத்தெழுதுக.

நம் வகுப்பில் படித்த மாணவர் மூவர் லால்பேட்டையைச் சேர்ந்தவர்கள். சென்னையில் நடக்கவிருந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு இணையவழியாக நுழைவுச்சீட்டு எடுக்க முனைந்தார்கள். எந்த நிகழ்ச்சி, எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமன்று. ஞாயிறு நண்பகலில் விற்பனை தொடங்கும் என்றார்கள். மூவரும் வீராணம் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார்கள். அங்குதான் அலைபேசிக்கு இணைப்பு ஒழுங்காகக் கிடைக்குமாம். ஒருவனுடைய அண்ணன் துபாயில் இருந்தபடி தன் கணினியிலும் வரிசையில் நின்றார். ஊரில் பாதி வீடுகள் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை. அண்ணனின் கடனட்டை இல்லாமல் அந்த வரிசைக்கே தகுதியில்லை.

வரிசை எண் லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த கால் மணிக்குள் அதே நிகழ்ச்சிக்கான சீட்டுகள் வேறிடத்தில் நான்கு மடங்கு விலைக்கு வந்துவிட்டன. தீர்ந்துபோன பொருள் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. அண்ணனிடம் கெஞ்சி மூன்று சீட்டுகளை வாங்கினார்கள். லால்பேட்டையிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து சென்னை என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வாயிலை அடைந்தபோது இரண்டு சீட்டுகள் செல்லாது என்றது கருவி. அதே குறியீட்டைக் காட்டி முன்னமே யாரோ உள்ளே போயிருந்தார்கள். மூன்றாவது சீட்டு நல்ல சீட்டு. ஆனால் அதற்குரியவன் நண்பர்களை விட்டுவிட்டு உள்ளே போக மறுத்துவிட்டான். மூவரும் மதிலோரம் நின்று கேட்டுவிட்டு இரவுப் பேருந்தில் திரும்பினார்கள். “வெளியே நின்றாலும் பாட்டு நன்றாகத்தான் கேட்டது ஐயா” என்று மறுநாள் நம்மிடம் சொன்னான் ஒருவன். நண்பர் சிரித்த துயரம் இதுதான்.

*

இது மூன்று மாணவரின் தனிக்கதையாயின் இங்கு எழுதியிருக்கமாட்டோம். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரை அடுத்த திடலில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 12 அன்று நடக்கவேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. முறையாகப் பணம் கட்டிச் சீட்டெடுத்த பல்லாயிரவர் மணிக்கணக்கில் சாலையில் நின்றார்கள். உயர்விலைச் சீட்டு வைத்திருந்தவர்கள்கூட உள்ளே நுழைய இயலாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் அழுதன. பெண்கள் தமக்கு நேர்ந்த சீண்டல்களை வெளிப்படையாக எழுதினார்கள். முதலமைச்சரின் வாகன வரிசையே அந்தச் சாலையில் சிக்கியது என்று செய்தி வந்தது. பிறகு ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார்; உள்ளே வர இயலாதவர்கள் சீட்டின் படியை அனுப்பினால் ஆவன செய்வதாகச் சொன்னார்; தாமே பலியாடாக இருந்துவிட்டுப் போவதாகவும் எழுதினார். அமைப்பாளர்களும் பொறுப்பேற்பதாகக் கூறினார்கள். விசாரணைகள் நடந்தன.

அங்கே சிக்கல் கள்ளச்சந்தையில் தொடங்கவில்லை. நேரடியாக விற்ற சீட்டே மதிப்பிழந்தது. பம்பாய் விவகாரம் இதற்கு மறுபுறம். கோல்ட்பிளே என்னும் பிரித்தானிய ராக் இசைக்குழு 2025 ஜனவரி 18, 19, 21 ஆகிய நாள்களில் நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் விளையாட்டரங்கில் பாடியது. 2024 செப்டம்பர் 22 நண்பகலில் புக்மைஷோ தளத்தில் விற்பனை தொடங்கியது. ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் முயன்றதாக அந்நிறுவனமே சொன்னது. மூன்று நாளுக்கும் சேர்த்து அரங்கில் இடம் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. இத்தனை பேர் ஏமாறத்தான் வேண்டும். அது கணக்கு, யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 2,500 ரூபாயிலிருந்து தொடங்கிய சீட்டுகள் உடனேயே மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் காட்டப்பட்டனவே, அது எந்தக் கணக்கு? மும்பைக் காவல்துறை விசாரித்தது. அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது. நெறிமுறை வகுக்கக் கோரிய பொதுநல மனுவை 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின், அரசின் பணி என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அந்தப் பந்து இன்னும் எவராலும் எடுக்கப்படாமல் ஆடுகளத்தில் கிடக்கிறது.

*

இனி நண்பரின் தரப்புக்கு வருவோம். அவரோடு உடன்படுவோர் மூன்று வகையாகப் பேசுகிறார்கள்.

முதலாவது, “ஊரில் எத்தனையோ சிக்கல் இருக்க, இது பணமுள்ளோர் கேளிக்கை” என்பது. லால்பேட்டை மாணவர்கள் பணமுள்ளோர் அல்லர். பணமுள்ளவனுக்கு இதில் சிக்கலே இல்லை என்பதைத்தான் நண்பர் கவனிக்கத் தவறுகிறார். அவனுக்குச் சீட்டு எப்போதும் தீர்வதில்லை. விலை மட்டுமே மாறுகிறது. வரிசையில் நின்று உரிய விலை கொடுக்க முன்வருபவனுக்கு மட்டுந்தான் ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற பலகை மாட்டப்படுகிறது. மேலும், மார்கழிச் சபாக்களில் முன்வரிசை யாருக்கு என்பது பற்றி நம் இலக்கியவாணர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! அங்கே நியாயமாகப் படும் கோபம், கித்தார் ஒலிக்கும் இடத்தில் மட்டும் அற்பமாகிவிடுமா?

இரண்டாவது, “தேவை மிகுந்தால் விலை ஏறும், இது சந்தையின் இயல்பு” என்பது. பொருளியல் தெரிந்த நண்பர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஓர் அமைதி வந்துவிடுகிறது. அவர்களை நாம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து உழவர் எவரிடமாவது அழைத்துச் செல்வோம். நெல்லின் விலை ஏறும்போது அந்த ஏற்றம் யாருக்குப் போகிறது என்பதை அவர் விளக்குவார். 2,500 ரூபாய் என்று விலை வைத்தவர், எளியவரும் வரட்டும் என்று எண்ணி வைத்திருக்கலாம். அரங்கு நிறையட்டும் என்று வைத்திருக்கலாம். எதுவாயினும், அந்தச் சலுகை ரசிகனுக்கு உரியது. இடையில் புகுந்தவன் பாடவில்லை, மேடை கட்டவில்லை, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடவும் இல்லை. தானியங்கி நிரல்களை ஏவி நொடிப்பொழுதில் சீட்டுகளை அள்ளிக்கொண்டு, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்ததைத் தனதாக்கி விற்கிறான். இதற்குச் சந்தை என்று பெயரிடுவது சந்தைக்கே இழுக்கு.

சந்தையைப் போற்றும் நாடுகளே இதை ஒப்புக்கொள்ளவில்லை. சீட்டுகளை அள்ளும் நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016இல் சட்டம் செய்தது. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சிகளின் சீட்டு விற்பனை குழம்பியபோது அந்நாட்டு மேலவையே விசாரணைக்கு அமர்ந்தது. ஜப்பானில் 2019 முதல் மறுவிற்பனைக் கொள்ளை தண்டனைக்குரிய குற்றம். அயர்லாந்து 2021இல் மூலவிலைக்கு மேல் விற்பதைத் தடைசெய்தது. பிரிட்டன் அரசும் 2025 நவம்பரில் அதே வழியில் செல்லப்போவதாக அறிவித்தது. நம்மிடமோ, திரையரங்க வாசலில் ‘ப்ளாக்’ டிக்கெட் விற்றவனைக் காவலர் துரத்திய காலத்து நினைவு மட்டும் இருக்கிறது. அவன் கைலியை மடித்துக்கட்டி ஓடினான். இவன் தளம் நடத்துகிறான். துரத்துவார் இல்லை.

மூன்றாவது, “கலைஞன் என்ன செய்வான், பாடுவதுதானே அவன் வேலை” என்பது. இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிக்கு விடைதேட நம் இலக்கியத்தையே புரட்டலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோ ஆடல்மகளின் திறத்தைச் சொல்வதோடு நிறுத்தவில்லை. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்து சொல்கிறார். அதற்கு வாயில் இரண்டு வேண்டும் என்கிறார். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கை நிறுத்தச் சொல்கிறார். அரங்கின் அமைப்பும் கலையின் பகுதி என்பது இதன் பொருள். மேடைக்கு ஒளி எங்கிருந்து விழவேண்டும் என்று மாதக்கணக்கில் திட்டமிடுகிறவர்கள், வாயிலுக்குக் கூட்டம் எந்த வழியாக வரும் என்று ஒரு மாலைப்பொழுதாவது எண்ணிப் பார்க்கலாகாதா?

*

தமிழ்நாட்டில் இசை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியேயும் இருந்தது. தில்லையில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் வீதிகளில் நாகசுரம் ஒலிக்கும்போது யாரும் சீட்டுக் கேட்பதில்லை. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலியைச் சிவராத்திரி நாள்களில் எவரும் போய்ப் பார்க்கலாம். இசை யாருக்குரியது என்ற கேள்வியை எழுப்பிய தமிழிசை இயக்கம் 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டுதான் வளர்ந்தது. எல்லா நிகழ்ச்சியும் இலவசமாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இலவசமும் தானாகவே ஒழுங்கைத் தந்துவிடாது. 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடியபோது தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் முன்னேறி நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டதை அறிவோம். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அழைத்தவனுக்கு வந்தவன்மீது கடமை உண்டு. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கம்.

நந்தனாரின் நினைவு வராமலில்லை. பிறப்பைக் காட்டி ஒருவரை வாயிலில் நிறுத்திய கொடுமையையும் சீட்டில்லாமல் நின்ற ஏமாற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. அது பெரும் பிழை. வாயிலில் நிற்பவனைப் பார்த்து உள்ளிருப்பவன் சிரிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை என்பதையே குறிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வீராணத்து நீர் 2004 முதல் குழாய்வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. அதை எந்த வரிசையிலும் யாரும் நிறுத்தவில்லை. எங்கள் ஏரி தலைநகருக்குப் போகலாம். எங்கள் பிள்ளைகள் போனால் மதிலோரம் நிற்கவேண்டும். மாநிலத்தின் பெருநிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே நகரில் குவிவதும், அவற்றின் சீட்டு நொடிப்பொழுதில் மறைவதும் சேரும்போது, இழப்பு கடலூர் மாவட்டத்துச் சிற்றூருக்கே இருமடங்காகிறது. சென்னைக்காரன் ஏமாந்தால் ஆட்டோ பிடித்து வீடு போவான்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. விற்பனைக்கு முன்பே, மொத்தச் சீட்டு எத்தனை, விளம்பரதாரருக்கும் வேண்டியவர்க்கும் ஒதுக்கியவை எத்தனை, பொதுமக்களுக்கு எத்தனை என்று அறிவிக்கவேண்டும். மூலவிலைக்கு மேல் மறுவிற்பனை கூடாதென்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் செய்யவேண்டும். வர இயலாதவர் அதே தளத்தில் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்க வழி வேண்டும். திடலின் வாயில், வாகன நிறுத்தம், கழிப்பறை ஆகியவற்றின் அளவைக் கொண்டே அனுமதிக்கும் எண்ணிக்கையை வரையறுத்து, அதற்கு மேல் ஒரு சீட்டு விற்றாலும் உரிமத்தை நீக்கவேண்டும். உள்ளே விட இயலாமற்போனால், விண்ணப்பம் கேட்காமல் பணத்தைத் திருப்ப வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் ஒரு சிறு பங்குச் சீட்டையாவது நேரடிக் கவுண்டரில் விற்கவேண்டும். துபாயில் அண்ணன் இல்லாதவனுக்கும் பாட்டுக் கேட்க உரிமையுண்டு.

ரசிகர்களாகிய நம்மவர்க்கும் ஒரு சொல். நான்கு மடங்கு கொடுத்து வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த நிகழ்ச்சியில் எட்டு மடங்குக்கு வழி செய்கிறார். லால்பேட்டைப் பிள்ளைகளிடமும் இதைச் சொன்னோம். அவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த மூன்றாமவன், நல்ல சீட்டை வைத்துக்கொண்டு வெளியே நின்றவன், தன் பணப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினான். நான்காய் மடித்திருந்தது. “இதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது ஐயா?” என்று கேட்டான்.

நம்மிடம் விடையில்லை. சிதம்பரத்தில் சிரித்த நண்பரிடம் இருந்தால் எழுதட்டும்.