குதிரைக் குட்டிகளின் கல்லீரலில் தங்கிவிடும் வைரஸ்: ஊசி மருந்தைச் சோதிக்க இவ்வளவு தயக்கம் ஏன்?

பிறந்து சில மணி நேரமே ஆன குதிரைக் குட்டி. நிமோனியா வராமல் இருக்க அதன் நரம்பில் வேறொரு குதிரையின் பிளாஸ்மா ஏற்றப்படுகிறது. அமெரிக்கக் குதிரைப் பண்ணைகள் பலவற்றில் இது வழக்கமான காட்சிதான். நல்ல நோக்கம், சந்தேகமே இல்லை. ஆனா அந்த பிளாஸ்மாவோடு இன்னொன்றும் சேர்ந்து போகலாம் என்பதுதான் சிக்கல்.

கதை 1918-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு எதிராக, வைரஸுடன் குதிரை சீரமும் செலுத்தி சோதித்தார் கால்நடை விஞ்ஞானி அர்னால்டு தெய்லர். சில வாரங்கள் கழித்து பல குதிரைகள் கல்லீரல் அழுகி இறந்தன. 'தெய்லர் நோய்' என்று பெயர் வைத்தாச்சு. காரணம் மட்டும் பிடிபடவில்லை. அதன்பின் டெட்டனஸ் ஆன்டிடாக்சின் போட்ட குதிரைகளிடமும் இதே நோய் தென்பட்டது. 2018-ல்தான் விடை கிடைத்தது. நெப்ராஸ்காவில் இப்படி இறந்த ஒரு குதிரையிடமும், அதற்குப் போட்ட ஆன்டிடாக்சினிலும் ஒரே புதிய பார்வோ வைரஸ் இருந்தது. சரியாக நூறு ஆண்டுகள்!

அதற்கு முன்பே, 2012-ல் குதிரைகளிடம் ஹெபாசி வைரஸ் கண்டறியப்பட்டது. மனிதர்களின் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் இது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி சுமார் ஆறு மாதத்தில் கரைந்துவிடுவதால், இளம் குதிரைகள் எளிதில் தொற்றுக்கு ஆளாகின்றன. பெரும்பாலானவை தானாகவே வைரஸை விரட்டிவிடும். சிலவற்றிடம் மட்டும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட தங்கிவிடும். பார்வோ வைரஸும் அப்படித்தான், ரத்தத்தில் குறைந்த அளவில் ஒளிந்திருக்கும்.

வெளியே பார்த்தால் குதிரை நல்லாத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல, ரெஸ்ட் கொடுங்க" என்று விட்டுவிடுவது எளிது. அந்தக் குதிரையே நாளை ரத்தம் கொடுத்தால்? ஒரே பாட்டிலில் பல குதிரைகளின் சீரம் கலந்திருக்கும்போது, ஒரு குதிரையின் வைரஸ் எத்தனை குட்டிகளுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உரிமம் பெற்ற குதிரை சீரப் பொருட்களில் இந்த பார்வோ வைரஸ் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என அமெரிக்கா விதி கொண்டுவந்தது. சரியான முடிவு. ஆனால் உரிமத்துக்குள் வராமல், பண்ணைக்குள்ளேயே ஒரு குதிரையிடம் எடுத்து இன்னொன்றுக்கு ஏற்றும் ரத்தமும் இருக்கிறதே! அங்கேயும் பிசிஆர் சோதனை கட்டாயமாக வேண்டும். செலவு அதிகம் என்ற வாதம் எடுபடாது. ஒரு பந்தயக் குட்டியின் விலையோடு ஒப்பிட்டால் சோதனைச் செலவு ஒரு பொருட்டே அல்ல.

இந்த ஹெபாசி வைரஸ் மனிதர்களைத் தாக்கியதாக இதுவரை ஆதாரம் இல்லை. இருந்தாலும் நமக்கும் இதில் ஆர்வம் இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்னும் தடுப்பூசி கிடையாது. மனிதர்களில் பெரும்பாலானோருக்கு நாள்பட்டதாக மாறும் தொற்றை, குதிரைகளில் பெரும்பாலானவை எப்படித் துரத்துகின்றன என்ற கேள்விக்கான பதில் அந்தக் குட்டிகளின் ரத்தத்தில்தான் இருக்கிறது.