எஃப்1 அழுத்தச் சொல்கிறது... கீபோர்டு அசையவில்லை!

வாசகர் கேள்வி - பதில்

“மகளின் படிப்புக்காக 12 வருடங்களுக்கு முன்பு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா எடுக்கலாம் என்று பல மாதம் கழித்துப் போட்டால், கறுப்புத் திரையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று வந்து நின்றுவிடுகிறது. அழுத்தினால் கீபோர்டு வேலை செய்யவில்லை. புது கீபோர்டு வாங்கி மாட்டியும் அதே கதைதான். ‘போர்டு போய்விட்டது’ என்கிறார்கள். பழைய இரும்புக்குத்தான் போட வேண்டுமா?”
- வாசகர், ஒரத்தநாடு.

அவசரப்பட்டுப் போட்டுவிட வேண்டாம். திரையில் எழுத்து வருகிறது என்றாலே மதர்போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். செத்துப்போன போர்டால் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று கேட்க முடியாது.

கோளாறு அநேகமாக, போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவு பேட்டரியில்தான் இருக்கும். அதன் மேல் ‘சி.ஆர். 2032’ என்று அச்சடித்திருப்பார்கள். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மின்சாரம் 3 வோல்ட். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதி, நேரம் ஓடுவதற்கும், பழைய போர்டுகளில் அமைப்புகள் அழியாமல் இருப்பதற்கும் இந்தப் பேட்டரிதான் ஆதாரம். பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை இதற்குப் பெரிய வேலை கிடையாது. இடிக்குப் பயந்து சுவரில் சுவிட்சை அணைத்துவிடும் வீடுகளில் முழுச் சுமையும் இதன் தலையில் விழுகிறது. அதற்காக அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. இடி விழுந்தால் போவது போர்டு. இங்கே தீர்ந்துபோவது சின்னப் பேட்டரி.

பேட்டரி தீர்ந்ததும் தேதி ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1-க்குப் போய்விடும். அமைப்புகளும் போர்டு தயாரானபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். சில பழைய போர்டுகளில் அந்த ஆரம்ப நிலையில், யூ.எஸ்.பி. கீபோர்டை ஏற்கும் வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் புதிதாக வாங்கிய கீபோர்டும் அந்த இடத்தில் ஊமையாக இருக்கிறது. பார்வைக்கு இரண்டு கோளாறு, வேர் ஒன்றுதான். நெற்பயிர் பழுத்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காமல், ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

சரிசெய்வது எப்படி? சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டால், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டில் பாயாது. பேட்டரியை ஒரு சின்னக் கொக்கி பிடித்திருக்கும். அதை லேசாகத் தள்ளினால் மேலே எழும்பும். புதியதைக் கூட்டல் குறியும் எழுத்தும் உள்ள பக்கம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். வாட்ச் கடையில்கூட இது கிடைக்கும். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் அது.

பேட்டரி மாற்றிய பிறகும் முதல் தடவை எஃப்1 கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல, ஊதா நிற உருண்டை முனை கொண்ட பழைய கீபோர்டு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அதை கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது மட்டுமே மாட்ட வேண்டும். ஓடும்போது மாட்டினால் போர்டுக்கு ஆபத்து. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் விசையை (சில நிறுவனங்களின் மாடல்களில் எஃப்2 அல்லது எஃப்10) விட்டுவிட்டு அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே தேதியைத் திருத்தி, ‘யூ.எஸ்.பி. கீபோர்டு’ அல்லது ‘யூ.எஸ்.பி. லெகசி’ என்று இருக்கும் வரியை ‘எனேபிள்’ செய்து, சேமித்து வெளியேற வேண்டும். அதன்பிறகு புது கீபோர்டே போதும். உருண்டை முனைக்கான துளை இல்லாத கம்ப்யூட்டர் என்றால், யூ.எஸ்.பி. கீபோர்டைப் பின்பக்கத் துளைகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

தேதியைத் திருத்தாமல் உள்ளே போய்விட்டால் இன்னொரு வம்பு காத்திருக்கிறது. இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்’ என்று ஒரு சான்று உண்டு. கம்ப்யூட்டர் இன்னும் 2009-லேயே இருந்தால், அந்தச் சான்று இனிமேல்தான் அமலுக்கு வரப்போகிறது என்று நினைத்துப் பக்கத்தைத் திறக்க மறுத்துவிடும். சிட்டா பக்கம் மட்டும் அல்ல, வங்கிப் பக்கமும் திறக்காது. நெட் சரியில்லை என்று செல்போன் கம்பெனியைத் திட்டுவதற்கு முன், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பாருங்கள்.

“போட்டால் ஃபேன் சுற்றுகிறது. ‘பீப்... பீப்’ என்று சத்தம் வருகிறது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?”
- வாசகர், மன்னார்குடி.

இது பெரும்பாலும் ரேம் சமாச்சாரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் பொன்னிறப் பற்களில் களிம்பு படிந்துவிடும். மேலே சொன்னபடி மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ரேமை எடுத்து, பற்களைச் சுத்தமான பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியும் வரவில்லை என்றால் போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். மின்சாரம் உள்ளே வரும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் நீங்களாகத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் பின்புறம் சிவப்புச் சுவிட்ச் இருந்தால், அது 230-ல்தான் இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் எலி போனதற்கான தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய அறையிலேயே கம்ப்யூட்டரும் இருந்தால், பின்பக்கம் மூடப்படாத துளை வழியாக எலி புகுந்து ஒயரைக் கடித்துவிடும். துளைகளைத் தகடு போட்டு அடைக்கலாம். காற்று போகும் வழியை அடைத்துவிடக் கூடாது.

“கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. கீபோர்டு மட்டும் சில நாள் எழுத்தே ஏற்பதில்லை, சில நாள் வேறு எழுத்து விழுகிறது. பாஸ்வேர்டும் தவறு என்கிறது.”
- வாசகி, பாபநாசம்.

முதலில் ‘நம் லாக்’ விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால், கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் தொடர்பு இருக்கிறது. வலது பக்க ‘ஷிஃப்ட்’ விசையின் மேல் 8 விநாடி கையோ நோட்டுப் புத்தகமோ அழுத்தியபடி இருந்தால் விண்டோஸ் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற ஒன்றைப் போட்டுவிடும். அதன்பிறகு விசையை நீண்ட நேரம் அழுத்தினால்தான் எழுத்து விழும். மறுபடியும் அதே விசையை 8 விநாடி பிடித்தால் அது போய்விடும். விளக்கே எரியாவிட்டால் ஒயரையோ துளையையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

வேறு எழுத்து விழுவது பெரும்பாலும் பழுதே இல்லை. மனு எழுதத் தமிழுக்கு மாற்றியவர் ஆங்கிலத்துக்குத் திருப்பாமல் போயிருப்பார். 1999-ல் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை அறிவித்த பிறகும், பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு முறை வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வரும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றலாம். மிகப் பழைய விண்டோஸில் இடது ஆல்ட்டோடு ஷிஃப்ட். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால், மொழியையும் ‘கேப்ஸ் லாக்’ விளக்கையும் பார்த்துவிட்டு அப்புறம் அடியுங்கள்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-டன் நின்றுவிட்டன. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர்களில் தேதி சரியாக இருந்தாலும் சில அரசு இணையதளங்கள் திறக்காமல் போகலாம். கணக்கு எழுத, மனு தட்டச்சு செய்யப் பயன்படுத்தலாம். பணம் அனுப்பும் வேலையை இதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பா நெல் காப்பீட்டுக்கு டெல்டாவில் வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பேட்டரி மாற்ற அப்போது நேரம் இருக்கும். கடைசி வாரத்தில்தான் கோளாறு தெரிந்தது என்றால், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஆதார், வங்கிப் புத்தகம், வி.ஏ.ஓ. தந்த அடங்கலோடு இ-சேவை மையத்துக்கோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ கிளம்பிவிடுங்கள். சிட்டாவையும் இ-சேவை மையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.