காந்த ஆஸ்பத்திரிகள்

நம் வீடுகளில் யாருக்காவது ரண சிகிச்சை என்று ஏற்பட்டுவிட்டால், முதலில் எழும் கேள்வி "டாக்டர் யார்?" என்பதுதான். டாக்டரின் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துக்கள் இருக்கின்றன, அவற்றுள் எத்தனை கடல் கடந்து சம்பாதித்தவை, மனிதர் கைராசிக்காரர்தானா என்றெல்லாம் தீர விசாரித்துவிடுகிறோம். பிறகு அறைக்கு வாடகை என்ன, ஜன்னலில் காற்று வருமா, காலையில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்ற முக்கியமான விஷயங்களுக்குப் போய்விடுகிறோம். அந்த டாக்டர் ஒரு நாளில் நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போவது பத்து நிமிஷம். பாக்கி இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிஷமும் அங்கே நடமாடப்போகிற நர்ஸுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நமது நண்பர் ஒருவரும் கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு வயிற்றில் ஒரு ரண சிகிச்சை நடந்தது. பெயர் பெற்ற ஆஸ்பத்திரி. பெயர் பெற்ற டாக்டர். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். இரவு பதினொரு மணிக்கு நர்ஸ் அம்மாள் வந்து நாடி பார்த்தார். "ஒன்றுமில்லை, கொஞ்சம் தாகமாக இருக்கிறது" என்றார் நண்பர். நாடியோ முன் பார்த்ததைவிடச் சற்று வேகமாக இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தபோது இன்னும் சற்று வேகம், கையும் சில்லிட்டிருந்தது. இரவு டியூட்டியில் இருந்த இளம் டாக்டருக்குச் செய்தி போயிற்று. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. மறுபடியும் சொல்லி அனுப்பியதற்கும் அதே பதில்தான். மூன்றாந் தடவை அந்த அம்மாள் யாரையும் உத்தரவு கேட்கவில்லை. பெரிய டாக்டரின் வீட்டுக்கே டெலிபோன் செய்து அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார். நண்பரின் வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரவு ஒரு மணிக்கு அவரை மறுபடியும் மேஜையில் கிடத்தினார்கள்.

நண்பர் பிழைத்து வீடு திரும்பியபோது பெரிய டாக்டருக்கு மாலையும் பழத்தட்டும் சமர்ப்பிக்கப்பட்டன. நர்ஸுக்குக் கிடைத்தது ஒரு 'மெமோ'! டியூட்டி டாக்டரை மீறிப் பெரியவரை எழுப்பியது ஒழுங்கீனம் என்பது அதில் கண்ட குற்றச்சாட்டு. இந்தச் சமாசாரம் நண்பருக்கு மூன்று மாதம் கழித்து, மறு பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவருடைய மனைவி அந்த அம்மாளுக்கென்று ஒரு புடவை வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஆள் இல்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம்.

ஓர் ஆஸ்பத்திரி இப்படி ஒரு நர்ஸை இழந்தால் அதற்கு நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை, வேறொருவரை நியமித்துக்கொள்ளலாம் என்றுதான் நிர்வாகஸ்தர்கள் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், வேறொருவர் கிடைக்காமற் போகிற வரையில்.

1980-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளுக்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. வந்தவர்களும் நிலைக்கவில்லை. "ஏன் போகிறார்கள்?" என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க நர்ஸிங் அகாடமியைச் சேர்ந்தவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பஞ்ச காலத்திலும் சில ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் போகாமல் இருக்கிறார்களே, அது ஏன்? 163 ஆஸ்பத்திரிகளைப் பரிசீலித்து, அவற்றுள் 41-ஐப் பொறுக்கி எடுத்து, அங்கே வேலை செய்தவர்களையே விசாரித்து, 1983-இல் அறிக்கை வெளியிட்டார்கள். இரும்பைக் காந்தம் இழுப்பது போல நர்ஸுகளைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொண்ட அந்த ஆஸ்பத்திரிகளுக்குக் 'காந்த ஆஸ்பத்திரிகள்' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது.

காந்தம் எதில் இருந்தது? நல்ல சம்பளம் வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தோடு விஷயம் முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளின் தலைவி, வராந்தாவின் கோடியில் ஓர் அறையில் உட்கார்ந்து லீவு மனுக்களில் கையெழுத்துப் போடுபவராக இல்லை. நிர்வாக சபையில் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பேசுபவராக இருந்தார். வார்டுகளில் போதிய நர்ஸுகள் இருந்தார்கள். மேற்கொண்டு படிக்க உதவி கிடைத்தது. டாக்டர்கள் நர்ஸுகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். இவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்! நமது நண்பர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கடைசி அம்சம் ஒன்று மட்டும் இருந்திருந்தால், மூன்று தடவை சொல்லவேண்டியதை ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்.

பிறகு இதையே ஒரு பரீட்சையாக்கினார்கள். அமெரிக்க நர்ஸுகள் சங்கத்தின் சான்றளிக்கும் கிளை ஸ்தாபனம் 1990-ஐ அடுத்து இதற்குத் திட்டம் வகுத்தது. 1994-இல் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி முதன் முதலாகத் தேறியது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் அந்தக் கௌரவம் பெற்றது இங்கிலாந்திலுள்ள ராச்டேல் ஆஸ்பத்திரி, அது 2002-இல்.

இந்தப் பரீட்சை சற்று விசித்திரமானது. ஆஸ்பத்திரி மாடியின் உயரத்தையோ யந்திரங்களின் விலையையோ பரீட்சகர்கள் பார்ப்பதில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் எத்தனை பேருக்கு வந்தது, கட்டிலிலிருந்து எழுந்து நடக்கையில் எத்தனை பேர் விழுந்தார்கள், உடம்பில் செருகிய குழாய்களின் வழியாக விஷக் கிருமி எத்தனை பேருக்கு ஏறியது என்று கணக்குக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை மற்ற ஆஸ்பத்திரிகளின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். இவையெல்லாம் டாக்டரின் கத்தியைவிட நர்ஸின் கண்ணையும் கையையும் பொறுத்தவை அல்லவா? நர்ஸுகளின் தலைவி உயர்தரப் பட்டம் பெற்றவராக இருக்கவேண்டும் என்று விதி. ஆஸ்பத்திரிக்கே வந்து, நர்ஸுகளுடன் நேரில் பேசுகிறார்கள். அதற்கு முன்பாக, 'இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி யார் வேண்டுமானாலும் எங்களுக்கு அந்தரங்கமாக எழுதலாம்' என்று அறிவிப்பு வேறு செய்யவேண்டும். தேறினாலும் பட்டம் சாசுவதமல்ல, நான்கு வருஷந்தான். பிறகு மறுபடியும் பரீட்சை. நமது ராவ் பகதூர்களுக்கும் திவான் பகதூர்களுக்கும் அந்தக் காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, இவ்வளவு சிரமப்படுவதால் பிரயோஜனம் உண்டா?

பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லிண்டா எய்க்கன் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1994-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். முதலில் பொறுக்கிய காந்த ஆஸ்பத்திரிகளில் 39-ஐ, அவற்றைப் போன்ற வேறு 195 ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயோதிகர்களுக்கான சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸில் சேர்ந்த நோயாளிகளின் மரணக் கணக்கு அது. நோயின் கடுமையில் இருந்த வித்தியாசங்களையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், காந்த ஆஸ்பத்திரிகளில் மரண விகிதம் 4.6 சதவீதம் குறைவாக இருந்தது. அதே அம்மையார் 2002-இல் பென்ஸில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சை செய்துகொண்ட 2,30,000-க்கு மேற்பட்டவர்களின் கணக்கை ஆராய்ந்தார். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று தெரிய வந்தது. நர்ஸ் சலித்து வேலையை வெறுப்பதும் அதோடு கூடவே வளர்ந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ரண சிகிச்சைக்குப் பின் சிக்கல் நேர்வது எந்த ஆஸ்பத்திரிக்கும் சகஜம். அந்தச் சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் நல்ல ஆஸ்பத்திரிக்கும் மற்றதற்கும் வித்தியாசம். அரை மணிக்கு முன்பு நாடி எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். நாலு நோயாளிகளைப் பார்ப்பவருக்கு ஞாபகமிருக்கும். பன்னிரண்டு பேருக்கு நடுவில் ஓடுகிறவருக்கு, நண்பரின் "ஒன்றுமில்லை" என்ற வார்த்தையே போதுமானதாகிவிடும்.

பணக் கணக்கிலேயே நம்பிக்கை வைத்திருக்கும் நிர்வாகஸ்தர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, காந்தப் பட்டம் பெற்ற அமெரிக்க ஆஸ்பத்திரிகளில், தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கான செலவு சுமார் இரண்டரை சதவீதம் உயர்ந்தது. அவர்களிடமிருந்து கிடைத்த நிகர வருமானமோ ஏறக்குறைய நான்கு சதவீதம் உயர்ந்தது. ஆகவே, தர்மத்துக்காகச் செய்ய மனமில்லாதவர்கள் லாபத்துக்காகவாவது செய்யலாம்.

ஆயினும் மறு பக்கத்தையும் சொல்லிவிடுவதே நியாயம். 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 1998 முதல் 2010 வரையில் நடந்த பெரிய ரண சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. காந்த ஆஸ்பத்திரிகளில் மரண வாய்ப்பு 7.7 சதவீதம் குறைவு என்பது அதிலும் உறுதியாயிற்று. ஆனால் அதே ஆஸ்பத்திரிகள் பட்டம் பெறுவதற்கு முன்பும் அவ்விதமே நல்ல ஆஸ்பத்திரிகளாகத்தான் இருந்தன. பட்டம் வந்த பிறகு புதிதாக ஒன்றும் விசேஷமாகிவிடவில்லை! அதே வருஷம் வந்த வேறோர் ஆராய்ச்சி, பென்ஸில்வேனியாவில் 1999-க்கும் 2007-க்கும் இடையில் புதிதாகக் காந்தப் பட்டம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் மற்றவற்றைவிட அதிகமாக மரணங்கள் குறைந்தன என்று கூறிற்று. நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்குத் தோன்றுவது இது: உரைகல் பித்தளையைப் பொன்னாக்காது. வரவேற்பு மண்டபத்தின் சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டத்துக்காக மட்டும் பரீட்சைக்குப் போகிற ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டந்தான் மிஞ்சும். பரீட்சைச் செலவோ பெருந்தொகை. ஆனால் பரீட்சைக்குத் தயாராகும் இரண்டு மூன்று வருஷங்களில், அதுவரையில் யாரும் எழுதி வைக்காத படுக்கைப் புண் கணக்கை எழுதி வைக்கத்தானே வேண்டியிருக்கிறது? நர்ஸுகளைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்கத்தானே வேண்டியிருக்கிறது? இரவில் பெரிய டாக்டரை எழுப்பிய நர்ஸுக்கு மெமோ கொடுத்த ஆஸ்பத்திரி, அந்தரங்கமாக எழுதலாம் என்ற அறிவிப்பைத் தன் வாசலில் ஒட்டுவதற்கு முன்பு சற்று யோசிக்கும் அல்லவா? அந்த யோசனையிலேயே பாதிப் பலன் வந்துவிடுகிறது.

நமது தேசத்தில் இது புதுச் சரக்கு என்று எண்ணவேண்டாம். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் நர்ஸிங்கில் பி.எஸ்ஸி. பட்டப் படிப்பு 1946-லேயே ஆரம்பமாகிவிட்டது. இந்திய ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் தேசிய வாரியமும், 'என்.ஏ.பி.எச்.' என்பது அதன் சுருக்கம், நர்ஸிங் சிறப்புக்கென்றே தனியாக ஒரு சான்று அளிக்கிறது. படிப்பு இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. எனினும் நம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் ஏறிக்கொண்டேயிருக்கிறார்கள். இரும்பு நம்முடையது, காந்தம் அங்கே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்கு நமக்கு வாயில்லை. பழத்தட்டோடு போன நாம், எந்த ஆஸ்பத்திரியிலாவது நர்ஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா?

நண்பர் இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டார். சென்ற மாதம் அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போய், "இராத்திரியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்?" என்று விசாரித்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞன் திகைத்துப் போய், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சான்றுப் பத்திரங்களைச் சுட்டிக்காட்டினான். நண்பர் அவற்றையெல்லாம் மரியாதையாகப் படித்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். கடைசியில் மேட்ரன் அம்மாளிடம் அழைத்துப் போனார்கள்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை இதுவரையில் யாரும் கேட்டதில்லை" என்றார். பிறகு டியூட்டி அட்டவணையை எடுத்து, விரலை வைத்து எண்ணிப் பார்த்தார்.

"ஆறு. இந்த வாரம் இரண்டு பேர் லீவு, அதனால் ஒன்பது. அடுத்த புதன்கிழமை அவர்கள் வந்துவிடுவார்கள். அவசரமில்லையென்று டாக்டர் சொன்னால், புதன்கிழமைக்குப் பிறகு வந்து சேருங்கள்."

வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு நண்பர் வீடு திரும்பினார். அறைக்கு வாடகை என்ன என்று மனைவி கேட்டபோதுதான், அதை விசாரிக்கவேயில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.