‘டிஸ்மிஸ் உத்தரவு ரத்து’: கோர்ட் உண்மையில் யாரைக் காப்பாற்றுகிறது?

உங்கள் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வருகிறது: ‘முறைகேடு புகார்: அரசு ஊழியர் டிஸ்மிஸ்’. கீழே கமெண்ட்டுகள் குவிகின்றன. ‘சூப்பர்’, ‘இப்படித்தான் செய்யணும்’. சில வருஷம் கழித்து அதே ஊழியரைப் பற்றி இன்னொரு செய்தி: ‘டிஸ்மிஸ் உத்தரவு ரத்து’. இப்போது கமெண்ட் மாறிவிடுகிறது. ‘காசு இருந்தா எல்லாம் நடக்கும் பாஸ்’.

இரண்டு நோட்டிஃபிகேஷனையும் அனுப்புவது எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்குகள்தான். நடுவில் அந்த ஃபைலுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். டிஸ்மிஸை எதிர்த்து ஒருவர் கோர்ட்டுக்குப் போனால், ‘இவர் தப்பு செய்தாரா, இல்லையா?’ என்ற கேள்வியிலிருந்து நீதிபதி தொடங்குவதில்லை. ‘அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்றுதான் துறையிடம் கேட்கிறார். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசு வேலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதுகாப்பு?

‘எங்க ஆபீஸ்ல ஹெச்.ஆர் ஒரு மெயில் போட்டா வேலை போச்சு. இவங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?’ ஐடி நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான்.

பதில் அரசியலமைப்பின் 311-வது பிரிவில் இருக்கிறது. அது சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் இருப்பவர் ஒருவரை டிஸ்மிஸ் செய்யக் கூடாது. இரண்டு, குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்து, விசாரணை நடத்திய பிறகே டிஸ்மிஸ் செய்யலாம்.

இது ஊழியருக்கு மட்டுமான சலுகை இல்லை. ஆளுங்கட்சிப் பிரமுகர் கேட்ட தவறான சான்றிதழைத் தர மறுக்கும் ஒரு விஏஓ-வை மறுநாளே வீட்டுக்கு அனுப்ப முடியாமல் இருப்பதற்கும் இதே பிரிவுதான் காரணம். அவர் பயமில்லாமல் ‘முடியாது’ என்று சொல்வதில் நமக்கும் லாபம் இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்துவதே நடைமுறையில் சாத்தியமில்லாத சூழல், நாட்டின் பாதுகாப்பு என மூன்று சந்தர்ப்பங்களில் விசாரணை இல்லாமலே நீக்கலாம். 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் ‘சாத்தியமில்லை’ என்றால் ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்.

விசாரணை இல்லாத டிஸ்மிஸ் எப்படி இருக்கும் என்று தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர், எஸ்மா சட்டத்தின் கீழும் அவசரச் சட்டத்தின் கீழும் ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு உரிமையே இல்லை என்று அந்த ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் மன்னிப்புக் கடிதம், உறுதிமொழி ஆகியவற்றின் பேரில் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மீதி சுமார் 6,000 பேரின் விவகாரம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரிடம் போனது. அப்போது ஸ்கூல் படித்தவர்கள் வீட்டில் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மாதம் பல வீடுகளில் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

ஃபைல் எப்படி நகர்கிறது?

தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் ‘17ஏ’, ‘17பி’ என்ற வார்த்தைகளைக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17-வது விதியின் உட்பிரிவுகள் அவை. சின்ன தண்டனைக்கு 17ஏ, வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டுக்கு 17பி. ‘அவருக்கு 17பி கொடுத்துட்டாங்க’ என்றால் விஷயம் சீரியஸ் என்று அர்த்தம்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அதாவது சார்ஜ் மெமோ. ஊழியர் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் விசாரணை அலுவலர் நியமிக்கப்படுவார். சாட்சிகளை ஊழியர் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் தரப்புச் சாட்சிகளையும் ஆவணங்களையும் வைக்கலாம். பிறகு அறிக்கை. அதன் நகல் ஊழியர் கைக்கு வந்து, அவர் பதில் சொன்ன பிறகே தண்டனை.

அந்த நகல் விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உட்கார்ந்து முடிவு செய்த விஷயம் அது. உங்களுக்கு எதிராக ஒருவர் எழுதியதை நீங்கள் பார்க்காமலே இன்னொருவர் அதை வைத்து உங்களைத் தண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான் லாஜிக்.

பேச்சில் எல்லாமே ‘டிஸ்மிஸ்’தான். விதிப் புத்தகத்தில் ‘ரிமூவல்’ வேறு, ‘டிஸ்மிஸல்’ வேறு. முதலாவதில் இந்த வேலை போகும். இரண்டாவதில் பொதுவாக இனி எந்த அரசு வேலைக்கும் வர முடியாது.

தங்கவயலில் நடந்தது

இந்த நடைமுறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கோலார் தங்கவயலில் ஒரு வழக்கு இருக்கிறது. 1985 ஜூன் 2 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் போலீஸ் ரெய்டு. 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமும் கிடைத்ததாகச் சொன்னார்கள். மறுநாளே சஸ்பெண்ட். கிரிமினல் வழக்கும் துறை விசாரணையும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடின.

சஸ்பெண்ட் ஆனவருக்குப் பாதிச் சம்பளம் அளவில் பிழைப்பூதியம் என்று ஒன்று உண்டு. அது அவருக்குத் தரப்படவில்லை. அவர் இருந்தது கேரளத்தில் சொந்த ஊரில். விசாரணைக்கு வந்துபோகக் கையில் பணமில்லை, உடம்பும் சரியில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது. 1986 ஜூனில் டிஸ்மிஸ். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1987 பிப்ரவரியில் கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. ரெய்டு நடந்ததும் பொருள்கள் கைப்பற்றப்பட்டதும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

நிறுவனம் அப்போதும் அசையவில்லை. வழக்கு 1999 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பிழைப்பூதியம் தராமல் ஒருவரைப் பட்டினி போட்டுவிட்டு, ‘விசாரணைக்கு வரவில்லை’ என்று குற்றம் சொல்ல முடியாது என்பது கோர்ட்டின் நிலை. அதே ரெய்டு, அதே சாட்சிகள். கிரிமினல் கோர்ட்டில் நிற்காத கதை, ஆளே இல்லாமல் நடந்த விசாரணையில் மட்டும் எப்படி நிற்கும்? மீண்டும் வேலை கொடுக்க உத்தரவு வந்தது. ஆனால் ரெய்டு நடந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட 14 வருஷம் போய்விட்டது. அதை எந்த உத்தரவும் திருப்பித் தராது.

அப்போ விடுதலை ஆனாலே வேலை திரும்பக் கிடைக்குமா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

1999 ஜூலையில் குற்றால சீசன் பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட ஒரு போலீஸ்காரர், தென்காசி பஸ் ஸ்டாண்டில் கணவருடன் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகப் புகார். துறை விசாரணையில் குற்றம் நிரூபணமாகி வேலை போனது. கிரிமினல் வழக்கிலோ சாட்சிகள் பல்டி அடிக்க, விடுதலை. உயர் நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தரச் சொன்னது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, டிஸ்மிஸ் சரிதான் என்று சொன்னது. சாட்சி பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலையும், குற்றமே நடக்கவில்லை என்று கிடைக்கும் விடுதலையும் ஒன்றல்ல. பொது இடங்களில் பெண்களைச் சீண்டுவதைத் தடுக்க மாநிலங்களுக்கு உத்தரவுகள் வந்ததும் இதே தீர்ப்பில்தான்.

தங்கவயல் அதிகாரியும் விடுதலை ஆனவர், தென்காசி போலீஸ்காரரும் விடுதலை ஆனவர். முன்னவரின் விசாரணை ஓட்டை. பின்னவரின் விசாரணை முறையாக நடந்தது, அதனால் நின்றது.

கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் அவ்வளவு தேவையில்லை. 1977-ல் ஹரியானா பஸ் கண்டக்டர் வழக்கில், காசு கொடுத்தும் டிக்கெட் கிடைக்காத பயணிகளை அழைத்து விசாரிக்கவில்லையே என்ற வாதத்தை நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. ஏதாவது ஒரு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் போதும் என்றார். அதே சமயம், ஒன்றுமே இல்லாமலும் முடியாது. போலீஸ் வாங்கிய வாக்குமூலத்தையும் எஃப்.ஐ.ஆரையும் மட்டும் வைத்து, ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்றாமல் ஒரு வங்கி ஊழியரை நீக்கியதை, ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது ஆதாரம் ஆகாது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மெமோ வந்தால்?

• பதில் போடாமல் இருக்காதீர்கள். ‘பேசிக்கலாம், சார் நமக்குத் தெரிஞ்சவர்தான்’ என்று ஃபைலைத் தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். போகவில்லை என்றால் நீங்கள் இல்லாமலே விசாரணை நடக்கும்.

• ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஆவணங்களைக் கேட்டு மனு கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் அந்த மறுப்பே நாளைக்கு உங்கள் ஆதாரம்.

• புகார் கொடுத்தவரே விசாரணை அலுவலராக வந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள். தோற்ற பிறகு சொன்னால் எடுபடாது.

• மத்திய அரசு ஊழியர் என்றால் சக ஊழியரையோ ஓய்வுபெற்ற ஊழியரையோ உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். வக்கீலை அனுமதிப்பது அபூர்வம்.

• உத்தரவு வந்ததும் நேராக கோர்ட்டுக்கு ஓடாமல் துறை மேல்முறையீட்டை முடியுங்கள். மத்திய ஊழியருக்கு 45 நாள். மாநில ஊழியர்கள் தங்கள் விதியில் உள்ள கெடுவைப் பார்க்க வேண்டும்.

• அடுத்து, மத்திய ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். இறுதி உத்தரவிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தமிழகத்துக்கென இருந்த நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. அதனால் மாநில ஊழியர்கள் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடுகிறார்கள். பொதுத்துறை நிறுவன, வங்கி ஊழியர்களுக்கு 311 பொருந்தாது. ஆனால் நியாயமான விசாரணை என்ற அடிப்படை அவர்களுக்கும் உண்டு.

• நிலுவைச் சம்பளம் கேட்பதாக இருந்தால், இடைப்பட்ட காலத்தில் வேறு வருமானம் இல்லை என்பதை மனுவிலேயே சொல்லுங்கள். 2013-ல் தீபாலி சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

‘ரத்து’ என்றால் விடுதலை இல்லை

நடைமுறைக் கோளாறால் ஒரு டிஸ்மிஸ் ரத்தானால், பெரும்பாலும் துறைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அந்த இடத்திலிருந்து விசாரணையை மறுபடி தொடங்கலாம். ஆகவே அடுத்த முறை ‘ரத்து’ என்ற நோட்டிஃபிகேஷன் வந்தால், ‘கோர்ட் விட்டுருச்சு’ என்று கமெண்ட் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த விசாரணையை இவ்வளவு மோசமாக நடத்தியது யார்?

நம் கோபம் போக வேண்டிய இடம் அதுதான். தப்பு செய்யாதவர் மோசமான விசாரணையால் வருஷக்கணக்கில் வேலையில்லாமல் நிற்கிறார். தப்பு செய்தவரோ அதே மோசமான விசாரணையைக் காட்டி உள்ளே வந்துவிடுகிறார், நம் வரிப்பணத்தில் நிலுவைச் சம்பளத்தோடு. இரண்டு பக்கமும் நஷ்டம்.

சரிசெய்வது ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. விசாரணை அலுவலர் அதே அலுவலகத்தைச் சேர்ந்தவராக, அதே மேலதிகாரிக்குப் பதில் சொல்பவராக இருக்கக் கூடாது. அவருக்குச் சாட்சியம் பதிவு செய்யப் பயிற்சி வேண்டும். பிழைப்பூதியம் மாதாமாதம் தவறாமல் போக வேண்டும். விசாரணையை ஆறு மாதத்தில், அதிகபட்சம் ஒரு வருஷத்தில் முடிக்கப் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே பிரேம் நாத் பாலி வழக்கில் சொல்லிவிட்டது. தவறும் துறைகள் ஏன் தாமதம் என்று எழுத்தில் விளக்க வேண்டும் என்ற விதியை அரசு கொண்டுவரலாம்.

எங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ‘டிஸ்மிஸ்’ என்று முதல் நோட்டிஃபிகேஷன் அனுப்பும்போதே, விசாரணை நடந்ததா, அறிக்கை நகல் கொடுக்கப்பட்டதா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டாவது நோட்டிஃபிகேஷன் வரும்போது யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.